குபேரனைப் பார்த்த பேனல்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்குப் போக இரண்டு வழி இருக்கிறது. ஒன்று வடுவூர் வழி, இன்னொன்று நீடாமங்கலம் வழி. வியாழக்கிழமையானால் தயவுசெய்து வடுவூர் வழியில் போங்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

தை மாதக் கடைசி வியாழன். காலை ஏழே காலுக்குப் புதிய பேருந்து நிலையத்தில் நீடாமங்கலம் வண்டியில் ஏறினேன். உள்ளே பாதிப் பேர் ஆலங்குடி குரு கோயிலுக்குப் போகிறவர்கள். மஞ்சள் துணி, கொண்டைக்கடலை மாலை, ஆளுக்கு இரண்டு பை. யாருடைய தேங்காயோ என் பாதத்தின்மேல் உட்கார்ந்து பயணம் செய்தது. நடத்துநர் மன்னார்குடிக்கு முப்பத்தைந்து ரூபாய் வாங்கிக்கொண்டு, "நீடாமங்கலத்துல எல்லாரும் எறங்கிடுவாங்க சார், அப்புறம் காலை நீட்டிக்கிட்டுப் போகலாம்" என்றார். நீடாமங்கலம் முப்பது கிலோமீட்டர். அதுவரை காலை எங்கே வைப்பது என்று அவர் சொல்லவில்லை.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன், திருச்சிக்காரன். சூரிய மின்சாரம், காற்றாலை, அணு உலை, இன்னும் வராத அணுக்கரு இணைவு உலை ஆகியவற்றை ஒப்பிட்டு அவ்வப்போது கட்டுரை எழுதுகிறவன். அதனால் சொந்தக்காரர்கள் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை கூப்பிட்டது என் தங்கை வாசுகி. மன்னார்குடிக்குத் தெற்கே எட்டு கிலோமீட்டரில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். ஊர்ப் பெயரை எழுதக்கூடாது என்பது அவள் உத்தரவு. காரணம் போகப் போகத் தெரியும்.

"அண்ணே, சோலார் மோட்டார் தண்ணி எடுக்கவே மாட்டேங்குது" என்றாள் போனில். "ஆத்துல தண்ணிய நிறுத்திட்டாங்க. தளடி பால் புடிக்கிற நேரம். இன்னும் எட்டு நாளைக்குள்ள தண்ணி பாயலன்னா மொத்தமும் கருக்காயாப் போயிரும். சோலார்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது நான். அவரு தெனம் அதையே சொல்லிக் காட்டுறாரு."

தளடி என்றால் குறுவை அறுத்த பிறகு நடுகிற நெல். கருக்காய் என்றால் உள்ளே அரிசி இல்லாத நெல். மூன்று ஏக்கர் கருக்காய் என்றால், அந்த வீட்டில் இனி எதைப் பற்றியும் வாசுகி வாய் திறக்க முடியாது. குவைத்தில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த அவள் கணவர் ராஜேந்திரன், டீசல் இன்ஜின் போதும் என்றவர். இலவச மின் இணைப்புக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கலாம் என்றவர். இவள் கேட்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், அவர் எனக்கு மாப்பிள்ளை. தங்கை கணவரை அவர் வீட்டிலேயே போய், "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிட முடியுமா? எவ்வளவு எரிச்சல் வந்தாலும் சிரித்தபடிதான் விழுங்க வேண்டும். தினமும் காலையில் அவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்புவார். 'செயற்கைச் சூரியனை ஏற்றிவிட்டார்கள்! இனி உலகம் முழுக்க இலவச மின்சாரம்!' நான் கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிடுவேன். வேறு என்ன செய்ய?

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நான் போகும்போதெல்லாம் மூடித்தான் இருக்கிறது. ஒரு ரயில் போயிற்று. திறக்கவில்லை. தனியாக ஓர் இன்ஜின் முன்னால் போயிற்று, யோசித்துவிட்டுப் பின்னால் வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் எனக்காகத் தன் சரக்குப் பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இடம் கொடுத்தார். ஜமால் பாய் என்று பெயர். திருத்துறைப்பூண்டியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். தஞ்சாவூரில் சரக்கு எடுத்துக்கொண்டு திரும்புகிறார்.

"வியாபாரம் எப்படிங்க பாய்?"

"காத்தடிச்சா நல்லாருக்கும் சார். புயல் வந்தா கரண்டு போவும், கரண்டு போனா இன்வர்ட்டர் போவும்" என்றவர், ஊரார் கஷ்டத்தில் பிழைப்பவர் என்று நினைத்துவிடுவேனோ என்று உடனே சேர்த்துக்கொண்டார். "நாளைக்குக்கூட ஒரு சோலார் செட்ட கழட்டப் போறேன். குவைத்துல இருந்து வந்தவரு. வெறுத்துப்போயி விக்கிறாரு."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "எந்த ஊருங்க?"

சொன்னார். வாசுகி எழுதக்கூடாது என்ற அதே ஊர்.

"ராஜேந்திரனா?"

"ஆமாங்க! தெரியுமா? ரொம்ப நல்ல மனுசன். பேனல் வெலை பேச போன் பண்ணாரு, ஒரு மணி நேரம் கூடங்குளத்தப் பத்தியே பேசினாரு."

கேட் திறந்தது. ஆலங்குடிக்காரர்கள் இறங்கினார்கள். காலை நீட்ட இடம் கிடைத்தும் நீட்டத் தோன்றவில்லை.

மன்னார்குடியில் பத்து மணி. ஆட்டோ இருநூறு ரூபாய். சம்பா அறுவடை முடிந்த நெல்லைச் சாலையின் ஒரு பாதியில் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். ஓட்டுநர் மறுபாதியில் புகுந்து புகுந்து போனார். எதிரே பேருந்து வந்தபோது நெல்லைத் தொடாமல் வாய்க்கால் பக்கம் சாய்ந்தார். எனக்கு உயிர் போய் வந்தது. "நெல்லு மேல ஏத்த முடியுங்களா சார்?" என்றார். என்னை வாய்க்காலில் இறக்கலாம் போலிருக்கிறது.

மாப்பிள்ளை வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க மச்சான், வாங்க! நீங்க வர்றது தெரிஞ்சிருந்தா நேத்தே மீன் சொல்லியிருப்பேன்." பேனலை விற்கப்போவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. காபி குடித்துவிட்டு உள்ளே போய் வாசுகியிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கும் தெரியாது. கையிலிருந்த கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டாள். பிறகு எடுத்து நறுக்கினாள், கொஞ்சம் வேகமாக.

பன்னிரண்டு மணி வாக்கில் வயலுக்குப் போனோம். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புத் தூண், அதன் தலையில் நன்றாகச் சாய்த்துப் பொருத்திய பேனல்கள், கீழே ஆழ்துளைப் போர். குழாயிலிருந்து தண்ணீர் கட்டைவிரல் தடிமனுக்கு வந்துகொண்டிருந்தது. வாய்க்காலில் இறங்கிய இடத்திலேயே மண் அதைக் குடித்துவிட்டது. அதற்கு அப்பால் மூன்று ஏக்கர் பயிர், பச்சையாக, கதிர் தள்ளி நின்றது. ஒரு கதிரை உருவி நசுக்கிப் பார்த்தேன். விரலில் வெள்ளையாகப் பால் ஒட்டியது. காலுக்குக் கீழே மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"பத்தரைக்கு மேல ஓடும். ரெண்டு மணிக்கு நின்னுரும்" என்றார் மாப்பிள்ளை. "போன ஆனியில பூட்டினப்போ பாத்திருக்கணும் மச்சான் நீங்க. கொட்டுச்சு! குறுவைக்கு அதுதான் பாஞ்சுது. அப்புறம் ஆத்துத் தண்ணி, மழைன்னு ஓட்டவே இல்ல. இப்ப தையில போட்டா இந்த லட்சணம். ஏழே மாசத்துல வீணாப் போற பொருள். இதான் சோலாரு."

ஆனியில் கொட்டியது, தையில் சொட்டுகிறது. எனக்கும் புரியவில்லை. ஈரத்துணி வாங்கி ஏணியில் ஏறித் தூசியைத் துடைத்தேன். தென்னை நிழல் விழுகிறதா என்று சுற்றி வந்தேன். மோட்டாரின் மின்பெட்டியைத் திறந்து இணைப்புகளைப் பார்த்தேன். எல்லாம் சரி. மாப்பிள்ளை வரப்பில் நின்றபடி, அணு உலை என்றால் இந்தத் துடைக்கிற வேலையெல்லாம் கிடையாது என்று தெரிவித்தார்.

வியர்த்து வழிய இறங்கி நின்றேன். உச்சி வெயில். என் நிழல் குட்டையாக எனக்கு முன்னால் வடக்கே விழுந்திருந்தது. தலையைத் தூக்கினால் பேனலும் அதே பக்கம், வடக்கே பார்த்துக்கொண்டிருந்தது. சூரியன் எங்கள் இருவருக்கும் முதுகுப் பக்கம் நின்றிருந்தது.

"மாப்பிள்ளை, இதை ஏன் வடக்க பாத்து வெச்சிருக்கீங்க?"

"அதுவா?" அவர் முகத்தில் பெருமை. "பூட்ட வந்தவனுங்க தெற்க பாத்துத்தான் வெக்கணும்னானுங்க. புதுசா வாங்கின பொருள எமன் தெசையப் பாத்து வெப்பாங்களா? வாஸ்து பாக்குறவர்கிட்ட கேட்டேன். வடக்கு குபேரன் தெசை. நல்லாச் சாய்ச்சு, நேரா குபேரன் பார்வையில வெக்கச் சொன்னாரு."

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருடம் பாடம் நடத்தியவன், நீடாமங்கலம் வரை யாருடைய தேங்காயையோ காலில் சுமந்து வந்தவன், குபேரனுக்கு என்ன பதில் சொல்வது? மெதுவாக விளக்கினேன். நம் ஊரில் ஆனி, ஆடியில் உச்சிச் சூரியன் கொஞ்சம் வடக்கே நிற்கும், அதனால் அப்போது வேலை செய்தது. தையில் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். இப்போது வடக்கே பார்த்தால் வெயில் சறுக்கிக்கொண்டுதான் விழும், காலையும் மாலையும் மோட்டாரை உதைத்துக் கிளப்பத் தெம்பு இருக்காது.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அணு ஒலைக்கு இந்தத் தெசையெல்லாம் உண்டா?" என்றார்.

"கிடையாது."

"அதத்தான் மச்சான் நானும் சொல்றேன்."

அன்று சாயந்திரம் கூடத்தில் உட்கார்ந்து அணு உலை, காற்றாலை, இணைவு உலை மூன்றையும் அலசினோம். அதாவது, அவர் அலசினார். நான் நடுநடுவே பல்லைக் கடித்தேன். கூடங்குளத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் மின்சாரம் வருகிறது என்றார். உண்மைதான், அதை நான் எந்தக் காலத்திலும் மறுத்ததில்லை. நிலக்கரிப் புகை இல்லாமல் இடைவிடாமல் தருவதில் அணு உலை பெரிய ஆள். ஆனால் ஒன்றைக் கட்டி முடிப்பதற்குள் இன்று பிறந்த பையன் பள்ளிக்கூடம் முடித்துவிடுவான். எரித்து மிஞ்சியதைப் பல தலைமுறை காவல் காக்க வேண்டும். அங்கிருந்து இந்தப் போருக்குக் கம்பி வர வேண்டும். அந்தக் கம்பிக்குத்தான் இவர் எழுதிப்போட்டு வரிசையில் நிற்கிறார். பக்கத்து வயல்காரருக்கு இணைப்பு இருக்கிறது. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் அவர் தன் வயலுக்கு இறைத்து முடிப்பதற்கே சரியாக இருக்கிறது.

"காத்தாலை?" என்றார்.

"ஆரல்வாய்மொழியில ஆனி, ஆடிக் காத்துல பிச்சு உதறும். தையில படுத்துக்கும்."

"பாத்தீங்களா, அதுவும் படுத்துக்குது." வெற்றிப் புன்னகையுடன் போனை எடுத்து எனக்கு ஏற்கெனவே நான்கு முறை அனுப்பிய வீடியோவைக் காட்டினார். வளையம் போன்ற ஒரு பாத்திரத்துக்குள் ஊதா வெளிச்சம் சுழன்றது. "இது வந்துட்டா? கழிவு இல்ல, ஆபத்து இல்ல, கடல் தண்ணியிலேருந்து எரிபொருள்."

"கழிவு கம்மி மாப்பிள்ளை. அடியோட இல்லன்னு சொல்ல முடியாது. கடல் தண்ணியில ஒரு பாதி எரிபொருள் கிடைக்கும். மீதிப் பாதிய உலைக்குள்ளேயே உண்டாக்கணும். அதை இன்னும் யாரும் முழுசா செஞ்சு காட்டல. அணுக்கருவை உடைக்கிறது ஒரு வித்தை, ஒட்ட வைக்கிறது வேற வித்தை. ஒட்ட வெச்சுட்டாங்க, உள்ள விட்ட லேசர் ஒளியவிட அதிகமாவே சக்தி எடுத்துட்டாங்க. ஆனா அந்த ஒளிய உண்டாக்க ஆன மின்சாரத்தக் கணக்குப் பாத்தா இன்னும் நஷ்டம்தான்."

அடுப்படி வாசலில் நின்றிருந்த வாசுகி கேட்டாள்: "அது எப்பண்ணே வரும்?"

"இருபது வருஷம் ஆகலாம், முப்பது ஆகலாம். சொல்ல முடியாது."

"பயிருக்கு இன்னும் ஏழு நாள்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாப்பிள்ளை போனை அணைத்தார். பிறகு, "இருந்தாலும் எமன் தெசை..." என்று ஆரம்பித்தார். நான் படுக்கப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜமால் பாய் ஒரு சுமை ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் இரண்டு ஸ்பேனர். என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். மாப்பிள்ளை என்னையும் பாயையும் மாறிமாறிப் பார்த்தார். வாசுகி ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்தாள். சண்டை வரும் என்று நினைத்தேன். அவள் குரல் உயரவே இல்லை.

"பாய், கொஞ்சம் இருங்க" என்றாள். கணவர் பக்கம் திரும்பினாள். "வருசம் தவறாம ஆலங்குடிக்குப் போறீங்களே, அங்க தட்சிணாமூர்த்தி எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்காரு?"

சாமி பெயரைக் கேட்டதும் மாப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தெற்கதானே பாத்திருக்காரு? எல்லா சிவன் கோயில்லயும் அப்படித்தானே? குருவே தெற்கப் பாக்கலாம், உங்க பேனல் பாக்கக் கூடாதா?"

தட்சிணாமூர்த்தி தெற்கு நோக்கி இருப்பது எனக்கும் தெரியும். பெயரிலேயே இருக்கிறது. நேற்று பேருந்தில் அவருடைய கொண்டைக்கடலை என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. ஆனால் சூரியனின் சாய்வை அரை மணி நேரம் விளக்கியவனுக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இயற்பியலுக்குச் சாட்சியாகச் சாமியை நிறுத்துவதா என்று வறட்டுக் கௌரவம் பார்த்திருப்பேன்.

மாப்பிள்ளை தெற்கே பார்த்தார், வீட்டுக்கு எதிரே வயலில் தெரிந்த பேனலைப் பார்த்தார், கடைசியில் தலையை ஆட்டினார். "அதுவும் சரிதான். திருப்பித்தான் பாப்போமே. கழட்ட வேணாம் பாய், திருப்பிப் பூட்டிக் குடுங்க."

எல்லோருமாக வயலுக்குப் போனோம். பாய் ஏணியில் கால் வைத்தார். "நில்லுங்க!" என்று மாப்பிள்ளை கத்தினார். "மணி பத்தரை. ராகுகாலம். பன்னெண்டு வரைக்கும் தொடாதீங்க."

"பன்னெண்டுக்கு மேல நான் இருக்க மாட்டேங்க" என்றார் பாய். "ஜும்மா. மன்னார்குடிக்குப் போவணும்."

நான் வெடித்தேன். மாப்பிள்ளை முறையெல்லாம் பறந்துவிட்டது. "சூரியனுக்கு ராகுகாலம் கிடையாது மாப்பிள்ளை! பயிருக்கும் கிடையாது! ஒண்ணரை மணி நேர வெயில் வீணாப் போகுது!" என்று கத்தினேன். பக்கத்து வயலில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாசுகி என்னைப் பார்த்த பார்வையில் அடங்கினேன். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "மச்சானுக்கு மோர் கொண்டா" என்றார்.

ஆக, பன்னிரண்டு வரை மோர். அதன் பிறகு பாய் தொழுகைக்குப் போய்விட்டார். டெல்டாவின் உச்சி வெயில் முழுவதும், ஒரு மேகம்கூட இல்லாமல், பேனலின்மேல் சறுக்கி விழுந்து வீணானது. நான் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். வாசுகியின் கத்தரிக்காய்க் குழம்பு எப்படி இருந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பாய் வரும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. மோட்டார் வழக்கம்போல நின்றிருந்தது. மேலே ஏறித் தூண் தலையிலிருந்த போல்ட்டுகளைத் தளர்த்தினார். நானும் மாப்பிள்ளையும் சட்டத்தைப் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பினோம். கிழக்கைத் தாண்டித் தெற்கே வந்தபோது பேனல்கள் பளீரென்று மின்னி எங்கள் கண்ணைக் கூசவைத்தன. போருக்குள் ஏதோ உறுமியது. குழாய் இரண்டு முறை காற்றைத் துப்பியது. பிறகு முழு வாயையும் நிறைத்துக்கொண்டு தண்ணீர் வந்தது.

வாசுகி செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கினாள். மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்டாள். தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி யாரையும் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, தண்ணீர் தெறித்ததா என்று நானும் கேட்கவில்லை. அன்று நாலரை மணிக்கு மேலும் மோட்டார் ஓடியது.

"செட்டு போச்சு" என்றார் பாய் ஸ்பேனரைத் துடைத்தபடி. ஆனால் வியாபாரம் கைவிட்டுப் போன வருத்தம் முகத்தில் இல்லை. வாசுகி கொடுத்தனுப்பிய கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

சனிக்கிழமை காலை நான் கிளம்பினேன். அதற்குள் முதல் ஏக்கர் நனைந்துவிட்டது. மற்ற இரண்டும் கெடு முடிவதற்குள் நனைந்துவிடும். மாப்பிள்ளை என்னை வண்டியில் உட்காரவைத்து மன்னார்குடிப் பேருந்து நிலையம் வரை கொண்டுவிட்டார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "குரு பார்வையில வெச்சதும் கொட்டுது" என்றார். சாய்கோணத்தைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை இல்லை. ஊர்ப் பெயரை வாசுகி ஏன் மறைக்கச் சொன்னாள் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து எங்கள் திருச்சிக் குடியிருப்பை நினைத்தேன். அறுபது வீடு, அத்தனையும் படித்தவர்கள். மொட்டைமாடியில் பேனல் போடுவது பற்றி மூன்று வருடமாகக் கூட்டம் போடுகிறோம். ஒருவர் அணு மின்சாரம்தான் நிலையானது என்பார். செயலாளர், இணைவு உலை வந்துவிடும், அதுவரை பொறுப்போம் என்பார். நான் மூன்றையும் ஒப்பிட்டு அருமையாகப் பேசுவேன். டீ வரும், கலைந்துவிடுவோம். அங்கே தப்பான பக்கம் திருப்பி வைப்பதற்குக்கூட ஒரு பேனல் கிடையாது.

ஜன்னலைத் தட்டினார் மாப்பிள்ளை. "மச்சான், ஒரு சந்தேகம். ஆனியில மறுபடியும் குபேரன் பக்கம் திருப்பினா தப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய், குபேரன் ஒழிந்திருப்பான். ஆனால் ஆனியில் சூரியன் வடக்கேதான் நிற்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

"தப்பில்ல" என்றேன். "அப்ப அதுதான் சரி. ஆனி வரைக்கும்கூடப் போக வேண்டாம். சித்திரை பிறந்த மொத வாரமே வடக்க திருப்பிடுங்க. ஆவணி பிறந்த மொத வாரம் மறுபடியும் தெற்க."

அவர் முகம் மலர்ந்தது. "சித்திரைக்கு குபேரன், ஆவணிக்கு குரு. நல்ல நாள் பாத்துத் திருப்பிர்றேன். இதத்தான் மச்சான் நாங்க பஞ்சாங்கம்னு சொல்றோம். நீங்கதான் ஒத்துக்க மாட்டேங்கிறீங்க."

பேருந்து கிளம்பிவிட்டது. கூர்மையாக ஒரு பதில் யோசிக்க எனக்கு நீடாமங்கலம் வரை நேரம் இருந்தது. அங்கே கேட் மூடியிருந்ததால் இன்னும் கொஞ்சம் நேரமும் கிடைத்தது. கடைசியில் போனை எடுத்து, கைகூப்பும் பொம்மையை அனுப்பினேன்.